பால் மங்கைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கவிடும் முன்

மலேசியாவின் பேரா மாநிலம், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. சாப்பாட்டு மேசைக்கு மேல், வருகிறவர்கள் ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்க்கிற மாதிரி ஒரு விளக்கு வேண்டும். ஆசை அவ்வளவுதான். அதற்கு ஏழு வார இறுதிகள் போயின. இப்போது தொங்குவது, ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற மங்குகளை, அதாவது பீங்கான் கிண்ணங்களை, வைத்து நானே செய்த விளக்கு. அதற்கு ஆன செலவு 777 வெள்ளி (ரிங்கிட்). தெரியாமல் செய்து தொலைத்த காசு 1,101 வெள்ளி. விளக்கைவிடப் பாடத்துக்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறேன். சிலிங் எதைப் பிடித்து நிற்கிறது, விளக்கில் எர்த் இருக்கிறதா, உட்கார்ந்தால் பல்பு கண்ணில் படுமா என்று யாராவது மூன்றே மூன்று கேள்வி கேட்டிருந்தால் இதில் முக்கால்வாசி மிச்சமாகியிருக்கும். கேட்க ஆளில்லை. அதனால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது ஆன்லைனில் எல்லோரும் பார்த்திருக்கும் ஸ்புட்னிக் விளக்கு. நடுவில் ஓர் உருண்டை, அதிலிருந்து நாலா பக்கமும் நீளும் 18 கைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பல்பு. விலை 460 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. ஆக 506. படத்தில் பித்தளை மாதிரி இருந்தது, கையில் எடுத்தால் முலாம் பூசிய இரும்பு. எங்கள் ஊர் ஈரத்துக்கு முலாமில் ஒரு கீறல் விழுந்தால் போதும், துரு அங்கே தொடங்கிவிடும். வாங்குகிறவர்கள் சின்ன காந்தம் ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது பித்தளை இல்லை.

பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் பிளக்கும் இரண்டு குட்டைத் திருகும் இருந்தன. வீட்டு வேலைக்கு வருகிற ஒருவர் 100 வெள்ளி வாங்கிக்கொண்டு அதையே பிளாஸ்டர் சிலிங்கில் அடித்து மாட்டிவிட்டுப் போனார். மூன்றாம் இரவு விளக்கு ஒரு பக்கம் சாய்ந்தது, சிலிங்கில் முக்கால் முழத்துக்கு வெடிப்பு. கீழே விழாமல் பிடித்துக்கொண்டிருந்தது மின்கம்பி மட்டும்தான். அந்த பிளக் செங்கல்லுக்கும் காங்கிரீட்டுக்கும் செய்தது. திருகு உள்ளே போகும்போது அது விரிந்து சுற்றியுள்ள கல்லை நெருக்கிப் பிடிக்கும். ஒன்பது மில்லிமீட்டர் பிளாஸ்டர் பலகையில் விரிவதற்கும் இடமில்லை, பிடிப்பதற்கும் ஒன்றுமில்லை. ஏழு கிலோ எடை, பக்கத்தில் காற்றாடி, அதில் எந்நேரமும் லேசான ஆட்டம். மூன்று நாள் தாங்கியதே பெரிது. சிலிங்கை ஒட்டிப் பூசிச் சாயம் அடிக்க 280.

எங்களுடையதைப் போல ஒரே தளமுள்ள வீட்டில் சிலிங்குக்கு மேல் இருப்பது கூரைச் சட்டம். கனமான எதுவும் அதிலிருந்துதான் தொங்க வேண்டும். சரியான முறை இது: மேலே ஏறி, இரண்டு சட்டங்களின் அடிக்கட்டைகளுக்குக் குறுக்கே இரண்டுக்கு மூன்று அங்குல மரத்துண்டு ஒன்றைப் போட்டு இறுக்குவது, அதன் நடுவில் துளையிட்டு 8 மில்லிமீட்டர் மரையுள்ள கம்பியை இறக்குவது, சிலிங்குக்குக் கீழே நட்டு, வாஷர், கொக்கி. மரத்துண்டில் துளை போடலாம், கூரைச் சட்டத்தின் கட்டையில் துளை போடக்கூடாது. ஆயத்தமாக வருகிற இரும்புச் சட்டமாக இருந்தால் இன்னும் கவனம் தேவை, துளைக்காமல் கவ்வியால் பிடிக்க வேண்டும். மாடி வீட்டில் கீழ்த்தளத்துக்கு இந்தக் கவலை குறைவு. காற்றாடிக்காகக் காங்கிரீட்டில் பெரும்பாலும் கொக்கி வைத்தே வார்த்திருப்பார்கள். பழைய தோட்டத்து வீடு, பழைய குறைந்தவிலை வீடு என்றால் சிலிங் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த தகடாக இருக்கலாம். சந்தேகம் இருந்தால் அதில் துளையே போடாதீர்கள், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகக்கூடாது.

மாட்டியதும் இழுத்துப் பார்த்துத் திருப்திப்படுவது சோதனை ஆகாது. விளக்கின் எடையைப் போல் நான்கு மடங்கை ஒரு மணி நேரம் தொங்கவிட வேண்டும். எங்கள் இரண்டாவது விளக்கு, அதாவது மங்கு விளக்கு, 12 கிலோவுக்குச் சற்றுக் கூடுதல், ஆகவே பத்து கிலோ அரிசி மூட்டைகள் ஐந்தைக் கயிற்றில் கட்டிக் கொக்கியில் மாட்டினோம். சிலிங்கும் கம்பியும் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. ஒரு மணி நேரம் கழித்தும் கோடு நகரவில்லை. அதன்பின்தான் விளக்கு ஏறியது.

சிலிங்கைச் சரி செய்தபின், இந்த முறை பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டேன். நம் நாட்டில் நிலையான வயரிங் வேலையைச் செய்ய எரிசக்தி ஆணையத்தில் பதிந்த சான்றிதழ் வேண்டும். கேட்டால் காட்டுவார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். அவர் ஸ்புட்னிக்கைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இத நான் மாட்ட மாட்டேன்" என்றார். உடம்பு முழுக்க இரும்பு, உள்ளே வருவது இரண்டு கம்பி மட்டும், எர்த் கட்டுவதற்கு முனையே கிடையாது. கைகளுக்குள் ஓடும் மெல்லிய கம்பி ஒன்றின் தோல் உரிந்து உடம்பைத் தொட்டால், 230 வோல்ட் அந்த இரும்பில் நிற்கும். அது தெரிய வருவது யாராவது தூசு துடைக்கக் கை வைக்கும்போதுதான். இன்னொன்றும் காட்டினார். பல்பு மாட்டும் ஹோல்டரில், மரையுள்ள உலோகப் பகுதி நியூட்ரலாகவும் அடியில் உள்ள முனை லைவாகவும் இருக்க வேண்டும். இதில் கம்பிகள் எல்லாம் ஒரே நிறம். எது எது என்று செய்தவனுக்கே தெரிந்திருக்காது. சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை எங்கும் இல்லை.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டுச் சுவர் வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை மஞ்சள் எர்த். விளக்கோடு வரும் வளையும் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் யாராவது ஆசையாக அனுப்பினால் அதில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல். கறுப்பைக் கறுப்போடு சேர்த்தால் தலைகீழ். போதாததற்கு அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. பல்பை மட்டும் மாற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள்.

எர்த் இருந்திருந்தாலும் அந்த ஸ்புட்னிக்கை நான் வைத்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். மூன்று நாள் எரிந்ததில் இரண்டு குறைகள் தெரிந்துவிட்டன. ஹாலில் 60 அங்குலக் காற்றாடி. அதன் இறக்கை சுற்றும் மட்டத்துக்கு மேலே விளக்கின் பாதிக் கைகள். இறக்கை ஒவ்வொரு முறை குறுக்கே போகும்போதும் வெளிச்சம் வெட்டுப்பட்டு, ஹால் பக்கச் சுவர் முழுக்க நிழல் துடித்தது. பத்து நிமிடத்தில் தலைவலி. காற்றாடி உள்ள அறையில் விளக்கின் ஒளி வரும் இடம் இறக்கைக்குக் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் இறக்கை நுனியிலிருந்து நன்றாக விலகியிருக்க வேண்டும். வேறு வழி கிடையாது. இரண்டாவது, மேல்நோக்கிய பல்புகள். மழை பெய்து ஓய்ந்த அந்தியில் ஈசல் வந்தது, செம்பனைக் காட்டுப் பக்கத்திலிருந்து காண்டாமிருக வண்டும் வந்து மோதியது. மறுநாள் காலை மேசை மேல் இறக்கைக் குப்பை. தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் மேல் பக்கம் திறந்த கிண்ண விளக்கு வாங்குகிறவர்கள் வாரா வாரம் ஏணி ஏறத் தயாராக இருங்கள்.

அப்புறம்தான் அம்மாவின் மங்குகள் நினைவுக்கு வந்தன. கித்தா (ரப்பர்) மரத்தில் பால் பிடித்த, பளபளப்புப் பூச்சுள்ள பீங்கான் மங்குகள் 26, ஸ்டோரில் ஒரு வாளியில் கிடந்தன. வாய் 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. ஆழம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 350 கிராம். கவிழ்த்துத் தொங்கவிட்டால் வெளிச்சம் மேசைக்கு மட்டும் இறங்கும், ஈசல் உள்ளே சேராது. "பால் எடுத்ததும் மங்க கவுத்துத்தான் வச்சிட்டு வருவோம், நீ என்ன புதுசா கண்டுபிடிச்சிட்ட" என்றார் அம்மா.

மங்கைக் கழுவுவதிலேயே முதல் தப்பு. உள் விளிம்பில் பழுப்பாக ஒட்டியிருந்த பழைய பாலை எடுக்க மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். ரப்பர் எண்ணெயைக் குடித்து ஊதிப் பசையாகி, எல்லா இடமும் இழுபட்டது. ஊறவைக்க வேண்டியது சோப்புப் போட்ட வெந்நீரில், ஓர் இரவு. காலையில் கத்தி முனையால் ஓரத்தைக் கிளப்பினால் முழுத் தோலாக உரிந்து வரும். விளிம்புக்குக் கீழே, மரத்தில் மங்கைத் தாங்கிய கம்பி உட்கார்ந்திருந்த பள்ளத்தில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று இருக்கும். நகத்தால் சுரண்டினால்தான் தெரியும். அதை விட்டுவிட்டு விளக்கேற்றினால் அரை மணி நேரத்தில் சூடேறி, கட்டிப்பாலின் (உறைந்த ரப்பர் பாலின்) அந்த நாற்றம் சோற்றுக்கு மேல் இறங்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

அடுத்தது துளை. 26 மங்கில் 9 உடைந்தன. முதல் மூன்று, சுவருக்கான துளையூசியால். அதன் முனை பீங்கானை அறுக்காது, இடிக்கும். பீங்கானுக்கு வைரத்தூள் ஒட்டிய குழாய் வடிவ ஊசி வேண்டும். ஹார்ட்வேர் கடையில் 18 வெள்ளி, 13 மில்லிமீட்டர் அளவு. மற்ற ஆறும் அந்த ஊசியிலேயே, கடைசி ஒரு மில்லிமீட்டரில் உடைந்தவை. கீழே தாங்கல் இல்லாமல் அழுத்தினால் அடிப்பாகம் சில்லாகத் தெறித்து, வெடிப்பு வாய் வரைக்கும் ஓடும். கடைசியில் கைவந்த முறை: மங்குக்குள் ஈரமணலை இறுக்கி நிரப்பி, ஈரத்துணி மேல் கவிழ்த்து வைப்பது. அடியில் மறைப்பு டேப் ஒட்டி நடுப்புள்ளி குறிப்பது. டிரில்லில் சுத்தியல் அடிக்கும் பொத்தானை அணைத்து, மிகக் குறைந்த வேகத்தில், ஊசியைச் சாய்த்து வைத்துப் பிறை மாதிரி ஒரு தடம் விழுந்ததும் மெதுவாக நிமிர்த்துவது. நேராக வைத்தால் வழுக்கி ஓடும். இன்னொருவர் விடாமல் தண்ணீர் சொட்டவிட வேண்டும். சத்தம் மெலிந்து மாறும்போது ஊசி மணலை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது கையின் அழுத்தத்தை எடுத்துவிட்டு டிரில்லின் எடையில் மட்டும் விடுங்கள். ஒரு மங்குக்கு ஐந்தாறு நிமிடம். நான்கு ஊசி தேய்ந்தது, 72 வெள்ளி. மிஞ்சிய 17இல் இரண்டில் தலைமுடி போல வெடிப்பு தெரிந்தது. விரலால் சுண்டினால் நல்ல மங்கு கணீர் என்னும், வெடித்தது சப்பென்று ஒலிக்கும். சூட்டிலும் ஆட்டத்திலும் அது ஒருநாள் பிளக்கும், அதனால் ஒதுக்கிவிட்டேன். ஆக 15.

துளையில் பிஜி7 நைலான் கேபிள் கிளாண்டு. அதன் மரை 12.5 மில்லிமீட்டர், 13 துளையில் சரியாக உட்காரும். இரண்டு பக்கமும் ரப்பர் வாஷர் போட்டு, கையால் இறுக்கியபின் கால் சுற்று மட்டும். நட்டு நேராகப் பீங்கானை நெரித்தால், அன்றைக்கு ஒன்றும் ஆகாது, இரண்டு வாரம் கழித்து வெடிக்கும். தலைப்பகுதியை இறுக்கியதும் கிளாண்டு வயரைக் கவ்வும், மங்கின் எடை உள்ளே உள்ள இணைப்பில் விழாது. வயர் 0.75 சதுர மில்லிமீட்டர், துணி பின்னியது, 25 மீட்டர்.

இனிமேல்தான் பெரிய தப்பு. கடையில் எளிதாகக் கிடைக்கிறதே என்று 230 வோல்ட் ஜி9 (இரண்டு முள் உள்ள சின்ன பல்பு) எல்இடி 20 வாங்கினேன், ஒன்று 4.50. மாட்டி எரியவிட்டால் சாப்பாட்டு மேசை ஆபரேஷன் தியேட்டர் மாதிரி ஆனது. 15 பல்பு, ஆளுக்கு 250 லூமன் (வெளிச்ச அளவு) என்றால் 3,750 லூமன், எல்லாம் ஆறடிக்கு மூன்றடி மேசை ஒன்றின் மேல். கைப்பேசிக் கேமராவைக் காட்டினால் திரையில் பட்டை பட்டையாக ஓடியது. மலிவான ஜி9இல் மின்னலையைச் சமன் செய்யும் கெப்பாசிட்டருக்கு இடமில்லை, அதனால் நொடிக்கு 100 தடவை துடிக்கும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியாது, களைப்பு மட்டும் வரும். குறைக்கலாம் என்று 65 வெள்ளிக்கு டிம்மர் போட்டேன். அந்தப் பல்புகள் டிம்மருக்கு ஏற்றவை இல்லை. வண்டு மாதிரி ரீங்காரம், ஒரு வாரத்தில் நான்கு கருகின. தீபாவளிக்கு முந்தின வாரத்து இடிமழையில் இன்னும் ஐந்து. பேராவில் அந்த மாதங்களில் பிற்பகல் இடி புதிதில்லையே.

வெளிச்சம்கூட இரண்டாம் பட்சம், கண் கூச்சம்தான் தாங்கவில்லை. ஜி9 பல்பு நீளம். ஹோல்டரோடு சேர்ந்தால் நுனி மங்கின் விளிம்புக்கு 2 செ.மீ. உள்ளே மட்டுமே நிற்கும். இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மங்கின் வாய் மேசைக்கு 75 செ.மீ. மேலே. உட்கார்ந்திருப்பவர் கண் மேசைக்கு ஏறக்குறைய 45 செ.மீ. மேலே. மேசை நடுவிலிருந்து கண் 75 செ.மீ. தள்ளி. அப்படியென்றால் கண் மங்கைப் பார்ப்பது செங்குத்திலிருந்து 68 டிகிரி சாய்வில். பல்பு 2 செ.மீ. உள்ளே இருந்தால் விளிம்பு 72 டிகிரிக்கு மேல்தான் அதை மறைக்கும், ஆகவே பல்பு நேரே கண்ணில் குத்தும். 4 செ.மீ. உள்ளே போனால் 56 டிகிரியிலிருந்தே மறைந்துவிடும். இரண்டு சென்டிமீட்டரில் இருக்கிறது சாப்பிடுகிறவர் நிம்மதி. டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன் 1958இல் கோப்பன்ஹேகன் உணவகம் ஒன்றுக்காகச் செய்த ஆர்ட்டிசோக் விளக்கில் 72 இதழ்கள் உண்டு. அலங்காரமாகத் தெரிந்தாலும் அவற்றின் வேலை, எந்தப் பக்கம் நின்றாலும் உள்ளே இருக்கும் பல்பு கண்ணில் படாமல் மறைப்பது. மலிவு நகல்களில் இதழ் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள், வடிவம் மட்டும் மிஞ்சும். வித்தியாசமான எந்த விளக்கை வாங்கினாலும், கடையில் அதைப் பார்த்து நிற்காதீர்கள். ஒரு நாற்காலி கேட்டு உட்காருங்கள்.

விடை 12 வோல்ட் ஜி4 எல்இடி. ஒன்று 1.5 வாட், குட்டையானது, ஹோல்டரோடு 4 செ.மீ.க்குள் அடங்கிவிடும். 15க்கும் சேர்த்து 22.5 வாட். 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் டிரைவர். அதை அதன் முழுத் திறனில் ஓட்டக்கூடாது, 80 விழுக்காட்டுக்குள் வையுங்கள். அப்படிப் பார்த்தால் 28 வாட் டிரைவர் வேண்டும், கடையில் கிடைத்தது 36. வாங்கும்போது 12 வோல்ட் டிசி கான்ஸ்டன்ட் வோல்டேஜ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஹாலஜன் காலத்து எலக்ட்ரானிக் டிரான்ஸ்பார்மரைத் தலையில் கட்டுவார்கள். அதற்குக் குறைந்தபட்ச சுமை ஒன்று வேண்டும், எல்இடியின் சின்ன சுமைக்கு அது விட்டு விட்டு மின்னும். டிரைவரைச் சிலிங்குக்கு மேல் போடாதீர்கள். பிற்பகலில் கூரைக்கடியில் அடுப்பு மாதிரி இருக்கும், கெப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய பாதியாகும். எங்களுடையது சமையலறை அலமாரிக்கு மேல், பல்லி நுழையாத பெட்டியில், காற்றோட்டமாக. அங்கிருந்து 4 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் வோல்ட் இழப்பு 0.2 கூட வராது. இதில் இன்னொரு லாபம், இடி அடித்தால் பெரும்பாலும் அடி வாங்குவது 55 வெள்ளி டிரைவர் மட்டும். மங்குக்கு வருவது 12 வோல்ட் என்பதால் துடைக்கும்போது பயமில்லை. டிரைவருக்கு 230 வோல்ட் இணைப்புக் கொடுப்பது மட்டும் வயர்மேன் வேலை.

வெளிச்சத்தின் நிறம் 2,700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல். நம் ஊர் வீடுகளில் வெள்ளை வெளேர் என்ற 6,500தான் வழக்கம். முதல் நாள் "லயத்துல சிம்னி வெளக்கு மாதிரி இருக்கே" என்று புகார் வந்தது. சி.ஆர்.ஐ. (பொருள்களின் நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் உள்ள பல்பாகப் பார்த்து வாங்குங்கள். 80இல் மீன் குழம்பின் சிவப்பு செத்துப்போகும்.

மங்குகளைத் தாங்கும் பலகை நாலடி நீள ரப்பர் மரம், 10 அங்குல அகலம், ஓர் அங்குலத் தடிமன். மருந்தேற்றிய மரமா என்று கேட்டு வாங்க வேண்டும், பச்சை ரப்பர் மரத்தை வண்டு மாவாக்கிவிடும். இரண்டு வரிசை, எட்டும் ஏழும், ஒன்றுக்கொன்று 15 செ.மீ. உயரத்தை முதலில் 75, 100, 125 என்று ஆசையாக ஏற்றி இறக்கினேன். அழகுதான், ஆனால் மேலே இருக்கும் மங்கைக் கண் இன்னும் நிமிர்ந்து பார்க்கும், மறுபடி பல்பு தெரியும். 75க்கும் 90க்கும் நடுவில் வைத்ததும் அடங்கியது.

கூரையைத் தொட முடியாத வாடகை வீடு என்றால் இதெல்லாம் வேண்டாம், வளைந்து மேசைக்கு மேல் வரும் நிலை விளக்கு போதும். இத்தாலியில் 1962இல் வந்த ஆர்கோ விளக்கின் பளிங்கு அடி ஏறக்குறைய 65 கிலோ, தூக்குவதற்கு அதில் விளக்குமாற்றுக் கம்பு நுழைகிற ஓட்டை உண்டு. அந்த எடைதான் அது கவிழாததற்குக் காரணம். நகல் வாங்குகிறவர்கள் அடியை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். தூக்க முடிந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

மாதம் ஒரு முறை சோப்புத் துணியால் துடைக்கிறேன், பொரிக்கிற எண்ணெய்ப் பிசுக்கு பீங்கானில் படியத்தான் செய்கிறது. காற்றாடியை மூன்றில் வைத்தால் கடைசி இரண்டு மங்கும் டிங் டிங் என்று ஒன்றையொன்று தட்டுகின்றன. தூண்டில் நரம்பால் பக்கத்து வயரோடு கட்டிப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்தது. அம்மா அந்த நரம்பை அவிழ்க்கச் சொல்கிறார்.